சொந்தக்காரர்கள் தொடக் கூடாது

உலகத்தில் காதுகள் இரண்டே வகை. என்னுடையவை ஒரு வகை. மிச்சமெல்லாம் இன்னொரு வகை. இதை யாரும் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உயரமானவன் தான் உயரம் என்று சொன்னால் அது வெறும் தகவல், இதுவும் அப்படித்தான். ஒரு புதிய இசைத்தட்டில் ஊசி இறங்கி, முதல் கரகரப்பு அடங்குவதற்குள், அந்த ஆல்பம் நிலைக்குமா நிலைக்காதா என்று எனக்குத் தெரிந்துவிடும். மனித குலம் இந்தத் திறமையை இன்னும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. இப்போதைக்கு ஓர் இசைத்தட்டுக் கடை பயன்படுத்திக்கொள்கிறது, கல்லூரி இல்லாத நேரங்களில்.

கடை, ஒரு சலவைக் கடைக்கும் சாவி நகல் எடுக்கும் கடைக்கும் நடுவே, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். சுவரோரம் முழுக்கப் பழைய தட்டுகள். அவற்றை வாங்குகிறவர்கள் தயவில்தான் கடையில் விளக்கு எரிகிறது. உள்ளே கடைசியில், ஜன்னலுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு மரப்பெட்டி. அதுதான் புதியவர் பெட்டி. யாருக்கும் தெரியாத, கிட்டாரை அடித்துக் கத்திப் பாடும் பங்க் குழுக்களும், அவர்களைவிட இன்னும் யாருக்கும் தெரியாத ஜாஸ் குழுக்களும், தங்கள் கைக்காசில் போட்ட முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்து அதில் வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டவர்கள் மாதிரி வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெட்டிக்கு ஒரே ஒரு சட்டம். கடைக்கு வருகிற யார் வேண்டுமானாலும் அதிலிருந்து ஒரு தட்டை எடுத்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்கலாம். பிடித்திருந்தால் திரும்ப வைக்கும்போது பெட்டியின் முன்னால் வைக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பின்னால். மதிப்பெண் இல்லை, நட்சத்திரம் இல்லை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்காரர் வந்து, முன்னால் நிற்கும் மூன்று தட்டுகளை மட்டும் எடுத்துக் கேட்பார். அந்த மூன்றில் ஒரு குழுவுக்கு, அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குள்ளேயே வாசிக்க இடம் தருவார். நெருக்கி நின்றால் இருபது பேர் கேட்கலாம். ஆனால் அந்த இருபது பேரில், பெரிய அரங்கங்களுக்கு ஆள் தேடுகிறவர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். இன்றைக்குக் கொஞ்சம் பெயர் சொல்லும்படி இருக்கிற குழுக்கள் எல்லாம் ஒரு காலத்தில் இந்தக் கல்லாப் பக்கத்தில் இடித்துக்கொண்டு வாசித்தவைதான்.

கடைக்காரரை நான் சார் என்று கூப்பிடுவேன். "மக்கள் தீர்ப்பு தம்பி," என்பார் அவர். "என் காதுக்கு வயசாயிடுச்சு. ஜனங்க முன்னாடி கொண்டு வரட்டும். நான் கேக்கறேன்."

ஜனங்கள்மீது அவருக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை. ஏனென்றால் ஜனங்களில் சொந்தக்காரர்களும் அடக்கம்.

கடையில் சேர்ந்த புதிதிலேயே இவர்களை நான் இனம் பிரித்துவிட்டேன். அம்மாக்கள் ஹெட்போனைத் தொடவே மாட்டார்கள்; அட்டையை முந்தானையாலோ கைக்குட்டையாலோ துடைத்து முன்னால் வைத்துவிட்டு, வந்த காரியம் முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். காதலிக்கிறவர்கள் முன்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். தம்பிமார்கள் வைத்துவிட்டு ஓடுவார்கள். எல்லாரையும்விட மோசம் வாசித்தவர்களே வருவது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, தன் தட்டையே தூக்கிப் பார்த்து, "இது யாருங்க, நல்லா இருக்கும்போல இருக்கே," என்று என்னிடமே கேட்ட ட்ரம்ஸ்காரர் ஒருவர் உண்டு. நல்ல இசைக்குத் தள்ளிவிட ஆள் தேவையில்லை என்பது என் கொள்கை. ஆகவே தினமும் சாயங்காலம் சாத்துவதற்கு முன், சொந்தக்காரர்கள் நகர்த்தியதை எல்லாம் பழைய இடத்துக்கே திருப்பி வைப்பேன். நானும் என் பங்குக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: கடை ஆள் எதையும் முன்னால் வைக்கக் கூடாது.

ஓர் அட்டையில் எழுதிப் பெட்டிக்கு மேலே தொங்கவும் விட்டேன்: சொந்தக்காரர்கள் தொடக் கூடாது.

சார் அதைப் படித்துப் பார்த்தார். "யாரோட சொந்தக்காரங்கன்னு போடலையே."

"எல்லாரோட சொந்தக்காரங்களும்தான் சார்."

"அப்ப யாருமே தொட முடியாதேப்பா," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இப்படி ஒரு நேர்மையான நிர்வாகம் நடந்துகொண்டிருந்தபோதுதான் என் அக்கா ஓர் ஆல்பம் போட்டாள்.

அக்காவுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பாள். வேலை முடிந்ததும் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜாஸ் வாசிப்பாள். அது வயலினுக்குத் தாத்தா மாதிரி ஒரு வாத்தியம். வீட்டில் அதற்கென்று ஒரு மூலை, ஒரு போர்வை. குழுவில் நான்கு பேர். பியானோ ஒருவர், ட்ரம்ஸ் ஒருவர், பேஸ் அக்கா, சாக்ஸபோன் வாசிப்பவன் நெட்டை. எங்கள் வீட்டு நிலைவாசலில் தலையை இடித்துக்கொள்ளும் ஒரே விருந்தாளி அவன்தான் என்பதால் அந்தப் பெயர். ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் பயிற்சி செய்கிறார்கள் என்பதால் குழுவுக்கும் நாலாவது மாடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கற்பனையை எல்லாம் இசைக்கே சேமித்து வைத்திருக்கிறார்களாம்.

தட்டைப் பெட்டியில் வைத்த அன்று சாயங்காலம் அக்கா என் அறைக்கு வந்தாள்.

"டேய், ஒரு உதவி."

"முன்னாடி எல்லாம் வைக்க முடியாது."

"வாயைத் தொறக்கறதுக்குள்ள என்னடா. முன்னாடி வைக்கச் சொல்லி நான் கேக்கல. கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு, அது போதும்."

"வந்த வரிசையிலதான் கேப்பேன். உங்களுக்கு முன்னாடி நிறைய பங்க் நிக்குது."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "நெட்டைக்குக் கப்பல்ல வேலை வந்திருக்கு. சுத்திப் பாக்க வரவங்க சாப்பிடும்போது ஓரமா நின்னு வாசிக்கணும். ரெண்டு வருஷம். இந்த ஞாயித்துக்கிழமை உங்க சார் கூப்பிட்டாருன்னா போகமாட்டானாம். இல்லன்னா திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடுவான்."

"போகட்டுமே."

"அவன் போயிட்டா அப்புறம் நாங்க மூணு பேரும் உக்காந்து தாளம்தான் போடணும். எவ்வளவு வருஷமாச்சு தெரியுமா நாலு பேர் ஒண்ணா சேர?"

"நல்லா இருந்தா ஜனங்களே முன்னாடி வைப்பாங்க."

"நல்லா இருக்கான்னுதான்டா உன்னைக் கேக்கறேன்," என்றாள்.

என் காதுகளைப் பற்றி எங்கள் வீட்டில் நம்புகிற ஒரே ஆள் அவள்தான். அதுதான் சிக்கல். வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்த பங்க் தட்டுகளை நான் முன்னெப்போதும் இல்லாத நிதானத்துடன் கேட்க ஆரம்பித்தேன். முதல் கரகரப்பிலேயே தீர்ப்புச் சொல்கிறவன், ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு, நன்றி தெரிவிக்கும் வரிகள்வரை படித்தேன். கேட்காதவரைக்கும் அக்காவின் ஆல்பம் மோசமாக இருக்க முடியாது.

அந்த வரிசையில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். மூன்று பையன்கள் சேர்ந்து போட்ட பங்க். பெயர் அவசர வழி. ஊசி இறங்கிய உடனே பாத்திரக்கடையில் தீப்பிடித்த மாதிரி ஒரு சத்தம். தேறாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டு, மிச்சத்தை அட்டையைப் பார்த்துக்கொண்டே ஓடவிட்டேன். அட்டை கறுப்பு, எழுத்து வெள்ளை. அக்காவுடையதும் அட்டை கறுப்பு, எழுத்து வெள்ளை. பங்க் குழுவின் எழுத்து, படிக்க முடியாத அளவுக்குக் கோபமாகக் கிறுக்கியிருந்தது. அக்கா குழுவின் எழுத்து, படிக்க முடியாத அளவுக்கு அடக்கமாக இருந்தது. கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரி அளவு. அதைச் சரிபார்த்தவள் அக்கா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அக்காவுக்காகக் கடைக்கு முதலில் வந்தவர் அப்பா.

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதித்தவர். அதனால் வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட, திரையில் யாராவது வேகமாகப் போனால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். தலையில் தொப்பி, கையில் எதற்கென்று தெரியாத ஒரு பழைய பத்திரிகை. கடையில் உறவு கிடையாது என்பதால் நான், "வாங்க சார், என்ன வேணும்?" என்றேன்.

"சும்மாடா. இந்தப் பக்கம் ஒருத்தருக்கு ரிவர்ஸ் சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன். அப்படியே எட்டிப் பாத்தேன்."

ஜன்னல் வழியே பார்த்தேன். டிரைவிங் ஸ்கூல் கார் தெருவுக்குக் குறுக்கே நின்றிருந்தது. உள்ளே ஓர் அம்மாள் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழுகைக்கு முந்தின முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு பால் வண்டி ஹாரன் அடித்தது.

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராகப் புதியவர் பெட்டிக்குப் போய், "கறுப்பு அட்டை, வெள்ளை எழுத்து," என்று முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்றை உருவி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

அது அவசர வழி.

ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஊசி இறங்கியதும் அவருடைய வலது கால் தரையில் போய் அழுந்தியது. அழுந்திய கால் அந்தப் பக்கம் முடியும்வரை எழும்பவே இல்லை. முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின: திகைப்பு, கவலை, கொஞ்சம் பயம், கடைசியில் ஒரு மாதிரி மரியாதை. ஹெட்போனைக் கழற்றினார்.

"இதுல கத்துறது யாருடா? நெட்டையா?"

"கடை ஆள் அபிப்பிராயம் சொல்லக் கூடாது."

"அபிப்பிராயமா கேட்டேன்? ஆளைக் கேட்டேன்." எழுந்து, தட்டை உறைக்குள் போட்டு, பெட்டியில் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார்.

"போர்டு பாத்தீங்களா?"

"நான் போர்டு பாக்காம இருப்பேனா? சொந்தக்காரங்க தொடக் கூடாதுன்னு போட்டிருக்கு. நீதான் உள்ள வரும்போதே 'வாங்க சார்'னு சொல்லிட்டியே," என்று சொல்லிவிட்டு, போக்குவரத்தை ஒழுங்குபடுத்த வெளியே போனார்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் பெட்டியைச் சரிசெய்யப் போனபோது எனக்கு ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. அப்பா அக்காவுக்குச் சொந்தக்காரர். ஆனால் அவர் முன்னால் வைத்தது அவசர வழியை. அந்த மூன்று பையன்களுக்கும் அப்பாவுக்கும் எந்த உறவும் இல்லை. அந்தத் தட்டைப் பொறுத்தவரை அவர் பொது ஜனம். முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்திருக்கிறார். விதிப்படி அந்த ஓட்டு செல்லும். தட்டை அங்கேயே விட்டேன். ஆள் மாறிவிட்டது என்று அவரிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் அது அக்காவுக்கு ஓட்டுக் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா அக்காவின் தட்டில் தானாகவே இன்னொரு கரண்டி பரிமாறினார்.

"அம்மாடி, வேலை செய்யற எடத்துல ஏதாவது கஷ்டமா?"

"இல்லையேப்பா. ஏன்?"

"இல்ல, மனசுல எதையும் அடக்கி வெச்சுக்காதே. கத்தணும்னு தோணுச்சுன்னா இங்க, வீட்டுலயே கத்து. நாங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடித்தேன்.

அப்பாவிடம் அடையாளம் கேட்டுக்கொண்டு அடுத்து வந்தவர் பெரியம்மா. ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை அவர் ராஜ்யம். வலியோடு வருகிறவர்களை வரிசையில் உட்காரவைத்துப் பழகியதால், எங்கே போனாலும் அங்கே ஒரு வரிசையை உண்டாக்கிவிடுவார். "தம்பி, நான் உன்னைப் பாக்கல, நீ என்னைப் பாக்கல," என்று என்னிடம் சொல்லிவிட்டு அவசர வழியை எடுத்துக் கேட்டார். அவருடைய முகத்தில் அப்பாவுக்கு வந்தது எதுவும் வரவில்லை. கண்ணை மூடி லேசாகத் தலையாட்டினார். நாள் முழுக்கப் பல் குடையும் இயந்திரத்தின் சத்தத்தில் இருக்கிறவருக்கு அது தாலாட்டு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"பரவால்லையே, நம்ம பொண்ணு," என்றார். பிறகு, பழைய தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை நோக்கி, "ஏம்ப்பா, கறுப்புச் சட்டை, இங்க வா. உக்காரு. கேளு. அடுத்து நீங்கம்மா, பையை அங்க வெச்சுட்டு வரிசையில நில்லுங்க."

கறுப்புச் சட்டை கேட்டார். பையை வைத்தவரும் கேட்டார். யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. பெரியம்மாவுக்குப் பயந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் கறுப்புச் சட்டை மறுநாளும் வந்தார், இரண்டு நண்பர்களோடு. நேராக அவசர வழியை எடுத்தார்கள். கேட்டார்கள். முன்னால் வைத்தார்கள். அவர்கள் யாருக்கும் சொந்தம் இல்லை, விசாரித்துவிட்டேன்.

கடையில் ஆள் இல்லாத ஒரு நேரத்தில் நானும் இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். தீப்பிடித்த பாத்திரக்கடை அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்குள் யாரோ ஒரு பையன், ஒரு வாடகை அறையின் கதவு சாத்த மறுப்பதைப் பற்றி, கேலியும் ஆத்திரமுமாகப் பாடிக்கொண்டிருந்தான். கிட்டாரும் ட்ரம்ஸும் அவன் மூச்சு விடுகிற இடத்தில் சரியாக நின்று, அவன் மூச்சு இழுத்ததும் கூடவே பாய்ந்தன. நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. ஸ்டூல் ஆடுகிறது, ஹெட்போன் முதல் தடவை சரியில்லை, அன்றைக்கு எனக்குச் சளி என்று சில காரணங்களை யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சளி பிடித்து ஒரு வருஷம் ஆகிறது.

எங்கள் வீட்டில் கடைக்கு வராதது அம்மா மட்டும்தான். "அவ வாசிக்கறது இங்கயே காதைத் தொளைக்குது. அதைக் கேக்க பஸ் ஏறி வேற போகணுமா?" என்றுவிட்டாள்.

இப்படியாக என் குடும்பம் உயிரைக் கொடுத்து உழைத்ததில் அவசர வழி முதல் இடத்தில் போய் உட்கார்ந்தது. நாலாவது மாடியை யாரும் தொடவில்லை. புதிதாக வந்த தட்டுகள் எல்லாம் அதற்கு முன்னால் சேர்ந்துகொண்டே போனதில், அது பெட்டியின் பின்பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. சனிக்கிழமை அக்கா கதவோரம் வந்து நின்று, "கேட்டியா?" என்றாள். "வரிசை வரல," என்றேன். "சரி," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, போர்வையை டபுள் பேஸ்மீது நன்றாக இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. வழக்கமாக அந்த நேரத்தில் பயிற்சி செய்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடையை நான்தான் திறந்தேன். சார் மத்தியானம் வருவார். தரையைக் கூட்டினேன். கல்லா மேஜையைத் துடைத்தேன். துடைப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல் போனதும் பெட்டியிடம் போனேன். முதலில் அவசர வழி. இரண்டாவது, ஒரு ட்ரம்பெட்டும் ஒரு கிட்டாரும் மட்டும் வாசிக்கிற ஜாஸ்; நிஜமான ஜனங்கள் முன்னால் கொண்டுவந்தது, தகுதியானது. மூன்றாவது ஒரு பங்க். அதை யாரும் முழுசாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் பாடுகிற பையனின் காதலி வாரம் தவறாமல் வருவாள். நேற்று நான் சாப்பிடப் போன நேரத்தில் வந்திருக்கிறாள்; சாத்தும்போது கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

நாலாவது மாடியைப் பின்னாலிருந்து உருவி எடுத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அக்காவின் அறையும் என் அறையும் ஒரே சுவர். வருஷக்கணக்காக அந்தச் சுவர் வழியே டபுள் பேஸ் மட்டும் எனக்குக் கேட்டிருக்கிறது. தும் தும் என்று நடக்கும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து நடக்கும். அடுத்த அறையில் யாரோ போனில் பேசுவதைக் கேட்கிற மாதிரி. ஒரு பக்கம் மட்டும். "உம்" என்பார்கள், "அப்படியா" என்பார்கள். எதற்குச் சொல்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. எரிச்சலாக வரும். நான் பலமுறை சுவரைத் தட்டியிருக்கிறேன்.

ஊசி இறங்கியது. முதலில் அதே தும் தும். எனக்கு மனப்பாடமான நடை. இந்த இடத்தில் நிற்பாள் என்று தெரியும், நின்றாள். அந்த இடைவெளியில் நெட்டையின் சாக்ஸபோன் உள்ளே வந்து, அவள் இத்தனை வருஷமாக யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதைச் சொன்னது. அவள் "உம்" என்றது அதற்குத்தான். "அப்படியா" என்றது பியானோவுக்கு. நாலு பேரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுந்து, சிரித்து, சண்டை போட்டு, மறுபடி சமாதானமாகிக்கொண்டிருந்தார்கள். நெட்டை ஓரிடத்தில் பேச்சை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். அக்கா அவன் நாற்காலியை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, அவன் திரும்பி வரும்வரை மெதுவாக நடந்துகொண்டே இருந்தாள்.

இரண்டு பக்கமும் முடிந்து ஊசி தட்டின் நடுவில் உராய்ந்துகொண்டிருந்தது. நான் ஹெட்போனைக் கழற்றவில்லை.

அந்த நெட்டை கப்பலில் போய், சாப்பிடுகிறவர்களுக்கு முதுகுப் பக்கம் நின்று ஊத வேண்டியவன் இல்லை.

கடையைப் பார்த்தேன். யாரும் இல்லை. சலவைக் கடையின் இயந்திரங்கள் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தன. கேட்டவர்களுக்கு வைக்கும் உரிமை உண்டு; நான் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் கடை ஆள். அதுவும் போதாதென்று தம்பி. தட்டை உறைக்குள் போட்டு, அட்டையில் என் விரல் பட்ட இடத்தைச் சட்டை நுனியால் துடைத்தேன். பெட்டியின் முன்னால் இருந்ததை இரண்டு விரலால் விலக்கி, அந்த இடத்தில் தட்டைப் பாதி இறக்கியிருப்பேன்.

"டேய். என்னடா பண்றே?"

அப்பா. இன்றைக்குத் தொப்பி இல்லை; வாசலில் காரும் இல்லை. நடந்தே வந்திருக்கிறார்.

"தூசி தட்டறேன்."

அவர் கிட்டே வந்து, என் கையில் இருந்ததைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆச்சரியமோ கோபமோ இல்லை. குறுக்கே நின்ற காரில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்திருப்பாரே, அந்த இரக்கம்.

"அது இல்லடா," என்றார் தணிந்த குரலில். "இதுதான் நம்ம பொண்ணோடது." அவசர வழியை எடுத்து என் கண்ணுக்கு நேரே காட்டினார். "கூடப் பொறந்தவளோட ரெக்கார்டு கூடவா உனக்குத் தெரியாது? காது காதுன்னு ஊரெல்லாம் பேசறே."

சொல்வதற்கு என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால், நான் எதை, ஏன், எங்கே வைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

"கவனிக்கலப்பா," என்றேன்.

"பாவம், அந்தப் பசங்க யாரோ," என்று என் கையிலிருந்து நாலாவது மாடியை வாங்கி, அவர்கள் மனம் நோகாதபடி மரியாதையாகவே, பெட்டியின் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அவசர வழியை முன்னால் நிறுத்தினார். "நான் உன் அக்காகிட்ட சொல்லமாட்டேன். நீ செய்யணும்னு நெனைச்சியே, அதுவே போதும். தப்பா செஞ்சே, அவ்வளவுதான்."

"சரிப்பா."

"சனிக்கிழமை காதுக்குப் பஞ்சு எடுத்துட்டு வரணும்," என்று சொல்லிக்கொண்டே போனார். வாசலைத் தாண்டும்போது எதிரே ஒரு சைக்கிள் வேகமாக வந்தது. அப்பாவின் வலது கால் நடைபாதையில் ஒரு முறை அழுத்திவிட்டு நடந்தது.

அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றேன். பிறகு பெட்டிக்கு வந்தேன். அந்தக் காதலி கொண்டுவந்த பங்க்கை அது இருந்த பழைய இடத்துக்கு அனுப்பினேன். அது என் அன்றாட வேலை, அதில் குற்றமில்லை. பின்பலகையிலிருந்து நாலாவது மாடியை எடுத்தேன். காலியான மூன்றாவது இடத்தில் வைத்தால் போதும். சார் மூன்று தட்டையும் கேட்பார். மூன்றாவதில் வைத்தேன். எடுத்து இரண்டாவதில் வைத்தேன். வெளியே சாரின் ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஸ்டாண்டு போட அவருக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும். தட்டை மறுபடி எடுத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்து, சாய்ந்திருந்ததை நேராக நிமிர்த்தினேன்.